கைதிகள் தப்பி ஓடி விடுதலைப் போரில் சேரும் கதை: நிஜத்தில் அப்படி யாராவது இருந்தார்களா?

நடுநிசிக்காட்சி:

நேற்று தூக்கம் வராமல் ஒரு பழைய வெஸ்டர்ன் படத்தில் மாட்டிக்கொண்டேன். பெயரைச் சொல்லமாட்டேன், நீங்களும் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். ஒரே சங்கிலியில் கட்டப்பட்ட இரண்டு கைதிகள் தப்புகிறார்கள். ஒருவன் கொள்ளைக்காரன். இன்னொருவன் செய்யாத கொலைக்காக உள்ளே போனவன் (இந்தப் படங்களில் எப்போதும் ஒருத்தன் அப்படித்தான் இருப்பான்). ஆற்றைத் தாண்டினால் டெக்சாஸ். அங்கே மெக்சிகோவை எதிர்த்து விடுதலைப் போர். ஒளிந்துகொள்ள இடம் தேடிப் போனவர்கள் துப்பாக்கி எடுக்கிறார்கள். கடைசியில் கொள்ளைக்காரன் செத்துப்போக, மற்றவன் கையில் தளபதி மன்னிப்புக் கடிதத்தைத் திணிக்கிறார். பின்னணியில் சூரியன் மறைகிறது.

படம் சுமார்தான். ஆனால் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டது. ஜெயிலிலிருந்து ஓடி வந்தவர்கள் அந்தப் போரில் நிஜமாகவே இருந்தார்களா, இல்லை எழுதியவர் விட்ட கதையா?

சலூன்கதவு:

கதையை விடுங்கள். ஹீரோ கையில் என்ன துப்பாக்கி? ஆறு தோட்டா ரிவால்வர்தானே? சாமுவேல் கோல்ட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்ததே 1836 பிப்ரவரி 25-ஆம் தேதி. அலமோ முற்றுகை, அதாவது சான் அந்தோனியோவில் கோட்டைக்குள் இருந்த டெக்சாஸ்காரர்களை சாந்தா அன்னாவின் மெக்சிகோப் படை வளைத்தது, அதற்கு இரண்டு நாள் முன்பே ஆரம்பித்துவிட்டது. படங்களில் எல்லார் இடுப்பிலும் தொங்குவது 1873 மாடல். முப்பத்தேழு வருஷம் முன்னாடியே டெலிவரி ஆகியிருக்கிறது.

இன்னொன்று. டெக்சாஸுக்கென்று பெரிய சிறைச்சாலை வந்தது ஹன்ட்ஸ்வில்லில், 1849-இல். ஆகவே உங்கள் ஆட்கள் டெக்சாஸ் சிறையிலிருந்து தப்பியிருந்தால், இன்னும் கட்டாத கட்டடத்திலிருந்து தப்பியிருக்கிறார்கள்.

சிவகாசிப்பிரியன்:

ஹாஹா. நான் வெஸ்டர்ன் கற்றுக்கொண்டது சிவகாசியில் அச்சான காமிக்ஸில்தான். அதனால் துப்பாக்கி வருஷமெல்லாம் கண்ணில் படாது. ஆனால் டெக்சாஸ் போரில் இருந்தவர்கள் பாதிப் பேர் ஓடி வந்தவர்கள்தானே? டேவி கிராக்கெட்கூட ஜெயிலிலிருந்து வந்தவர் என்று படித்த ஞாபகம்.

பழையவரைபடம்:

இல்லை தம்பி. கிராக்கெட் ஓடியது ஜெயிலிலிருந்து அல்ல, தேர்தல் தோல்வியிலிருந்து. 1835-இல் டென்னஸி தொகுதியில் தோற்றார், அந்தக் கோபத்தில் டெக்சாஸ் கிளம்பினார்.

ஆனால் ஓடி வந்தவர்கள் என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை. அலமோவுக்குத் தலைமை தாங்கிய டிராவிஸ் 1831-இல் அலபாமாவில் கடனையும் கர்ப்பிணி மனைவியையும் விட்டுவிட்டு வந்தவர். அதே அலமோவில் இருந்த ஜிம் போவி அடிமைகளைக் கடத்தி விற்றவர், நிலப் பத்திர மோசடியும் செய்தவர். டெக்சாஸ் படையின் தளபதி சாம் ஹூஸ்டன் 1832-இல் வாஷிங்டன் தெருவில் ஒரு காங்கிரஸ் உறுப்பினரைக் கைத்தடியால் அடித்துத் துவைத்து 500 டாலர் அபராதம் வாங்கியவர். அந்தக் காலத்தில் கடன்காரன் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துவிட்டு, கதவில் 'டெக்சாஸ் போயாச்சு' என்பதன் மூன்று ஆங்கில முதலெழுத்தை (G.T.T.) மட்டும் கிறுக்கிவிட்டுப் போவானாம். காலையில் வட்டிக்காரன் வந்து கதவைப் பார்த்து நிற்பான்.

இவர்கள் எல்லாம் கடனுக்கும் வழக்குக்கும் பயந்தவர்கள். சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்தவர்கள் அல்ல. நடுநிசி கேட்கிற ஆட்களைத் தேட வேண்டுமென்றால் 1836-ஐ விட்டுவிட்டு 1812-க்குப் போக வேண்டும்.

நடுநிசிக்காட்சி:

1812-இல் டெக்சாஸில் விடுதலைப் போரா? அப்போது அது ஸ்பெயினிடம் அல்லவா இருந்தது?

பழையவரைபடம்:

அதேதான். ஸ்பெயினை எதிர்த்து. கொஞ்சம் நீளமாகப் போகும், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

1803-இல் அமெரிக்கா பிரான்ஸிடம் லூசியானாவை வாங்கியது. அதன் மேற்கு எல்லை எது என்று யாருக்கும் தெளிவில்லை. சபைன் ஆறு என்றது அமெரிக்கா. அதற்குக் கிழக்கே இருக்கிற அரோயோ ஓண்டோ ஓடை என்றது ஸ்பெயின். 1806-இல் இரண்டு பக்கமும் படையோடு வந்து நின்றுவிட்டார்கள். சண்டை வேண்டாம் என்று இரண்டு தளபதிகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். அமெரிக்கப் பக்கம் ஜேம்ஸ் வில்கின்சன் (இவர் ரகசியமாக ஸ்பெயினிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர், அதைத் தனி இழையில் பேசலாம்). ஸ்பெயின் பக்கம் சிமோன் தெ எர்ரேரா. ஆற்றுக்கும் ஓடைக்கும் நடுவே இருக்கும் நிலத்தில் இரண்டு நாட்டுப் படையும் கால் வைக்கக் கூடாது. அவ்வளவுதான் உடன்பாடு.

படை இல்லை, போலீஸ் இல்லை, நீதிபதி இல்லை. அப்புறம் அங்கே யார் குடியேறுவார்கள்? லூசியானாவில் கொலை செய்தவன், டெக்சாஸில் மாடு திருடியவன், ராணுவத்தை விட்டு ஓடியவன், எஜமானிடமிருந்து தப்பிய அடிமை எல்லாரும் வந்தார்கள். சான் அந்தோனியோவிலிருந்து வெள்ளியும் குதிரையுமாக வரும் வியாபாரிகளை இவர்களில் சிலர் வழிமறித்துக் கொள்ளையடித்தார்கள்.

இவர்களை அடக்க அனுப்பப்பட்டவர் அகஸ்டஸ் மகீ. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்த இளம் லெஃப்டினன்ட். 1812 தொடக்கத்தில் உள்ளே புகுந்தார், குடிசைகளைக் கொளுத்தினார், பிடிபட்டவர்களை மரத்தில் கட்டிச் சவுக்கால் அடித்தார். சில மாதங்களில் பதவி உயர்வு கிடைக்காத கடுப்பில் ராணுவத்தை ராஜினாமா செய்தார். அந்த நேரத்தில் பெர்னார்தோ குட்டியெரஸ் தெ லாரா என்ற மெக்சிகோக்காரர், ஸ்பெயினுக்கு எதிராகப் படை திரட்ட வாஷிங்டன் வரை போய் ஆதரவு கேட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். மகீ அவரோடு சேர்ந்தார். ஆள் வேண்டுமே? தான் யார் முதுகில் சவுக்கால் அடித்தாரோ அவர்களிடமே போய்க் கேட்டார். அவர்களும் வந்தார்கள்!

படத்தில் இந்தக் காட்சியை வைத்தால் நம்ப முடியவில்லை என்று விமர்சனம் எழுதுவோம்.

1812 ஆகஸ்டில் 130 பேர் அளவில் சபைன் ஆற்றைக் கடந்தார்கள், பச்சைக் கொடியோடு. நாகடோச்சஸ் சண்டையில்லாமல் விழுந்தது. லா பாயியா கோட்டைக்குள் இவர்கள் போய் உட்கார, ஸ்பானியப் படை வெளியே முற்றுகை போட்டது. 1813 பிப்ரவரியில் அந்தக் கோட்டையிலேயே மகீ இறந்தார். ஆனால் படை நிற்கவில்லை. மார்ச் கடைசியில் ரோசில்லோவில் வென்று சான் அந்தோனியோவைப் பிடித்தது. சரணடைந்த ஆளுநர் மனுவேல் தெ சால்செதோவையும் அதிகாரிகளையும் கப்பலேற்றி அனுப்புவதாகச் சொல்லி ஊருக்கு வெளியே கூட்டிப்போய்க் கழுத்தை அறுத்தார்கள். அப்படிச் செத்தவர்களில் ஒருவர் சிமோன் தெ எர்ரேரா.

ஆமாம், 1806 உடன்பாட்டில் கையெழுத்துப் போட்ட அதே எர்ரேராதான். அவர் கையெழுத்தால் உருவான ஆளில்லா நிலம் ஏழு வருஷம் கழித்து அவரைத் தேடி வந்துவிட்டது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மறக்க முடியாத இடம் இதுதான்.

கணக்குப்பிள்ளை:

வரைபடம் அக்கா, எழுத்து அருமை. ஆனால் விடுதலைப் படை என்று நீங்கள் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. சேர்ந்தவனுக்கு மாதம் 40 டாலரும் ஒரு லீக் நிலமும் தருவதாக வாக்கு. ஒரு லீக் என்றால் 4,400 ஏக்கருக்கு மேல். அந்தக் காலத்து அமெரிக்கச் சிப்பாயின் சம்பளம் அதில் கால்வாசிகூட வராது. கொள்ளைக்காரன் வேறு கொள்ளைக்குப் போனான், இந்த முறை கொடியோடு. இதில் விடுதலை எங்கே வருகிறது?

பழையவரைபடம்:

கூலி வாங்கினால் விடுதலை வீரன் இல்லை என்றால் ஜார்ஜ் வாஷிங்டனின் படையிலும் பாதியைக் கழிக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கும் நிலம்தான் வாக்கு.

ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு பக்கம் சரி. கழுத்தறுப்பு நடந்த பிறகு சாமுவேல் கெம்பர் உட்படப் பல அமெரிக்கர்கள் வெறுத்துப்போய் வீடு திரும்பினார்கள். ஏப்ரலில் எழுதிய அரசியல் சட்டம் டெக்சாஸை மெக்சிகோக் குடியரசின் பகுதி என்றது. தனி நாடு, நிறைய நிலம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

ஒன்றை மறக்காதீர்கள். அந்தப் படையில் அமெரிக்கர் மட்டும் இல்லை. சான் அந்தோனியோ ஊர்க்காரர்களும் பழங்குடியினரும் இருந்தார்கள். 1813 ஆகஸ்ட் 18, மெதீனா போர். குடியரசுப் படை சுமார் 1,400 பேர், எதிரே ஸ்பானியத் தளபதி அரெதொந்தோவின் 1,800-க்கு மேற்பட்டவர்கள். அரெதொந்தோவின் முன்னணிக் குதிரைப்படை கொஞ்சம் சுட்டுவிட்டுப் பின்வாங்கியது. இவர்கள் ஜெயித்துவிட்டோம் என்று துரத்தினார்கள். முழங்கால் புதையும் மணல், ஆகஸ்ட் வெயில், தண்ணீர் இல்லை, பீரங்கியை ஆட்களே இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஓக் மரக்காட்டுக்குள் அரெதொந்தோ காத்திருந்தார். நான்கு மணி நேரம். உயிரோடு தப்பியவர்கள் நூறு பேருக்கும் கீழே. டெக்சாஸ் மண்ணில் நடந்த போர்களிலேயே அதிக ரத்தம் சிந்திய போர் அது. அலமோவுக்கு இருக்கிற புகழில் நூற்றில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை.

அப்புறம் அரெதொந்தோவின் ஆட்கள் சான் அந்தோனியோ ஊருக்குள் வந்து 300-க்கு மேற்பட்டோரைக் கொன்றார்கள். போராளிகளின் மனைவி, தாய், மகள்களை 'லா கின்டா' என்ற வீட்டில் அடைத்துப் படைக்குச் சோளம் அரைத்து ரொட்டி சுட வைத்தார்கள். இவர்கள் யாரும் 40 டாலருக்கு வந்தவர்கள் அல்ல, கணக்குப்பிள்ளை.

அரெதொந்தோவின் படையில் அன்று ஒரு பத்தொன்பது வயது லெஃப்டினன்ட் இருந்தான். டெக்சாஸ் கலகக்காரர்களை எப்படி நடத்த வேண்டும் என்று அங்கேதான் பாடம் படித்தான். பெயர் சாந்தா அன்னா.

சிவகாசிப்பிரியன்:

அலமோ சாந்தா அன்னாவேதானா?? மயிர்க்கூச்செறிகிறது.

கணக்குப்பிள்ளை:

ரொட்டி சுட்ட பெண்களைப் பற்றி எனக்குத் தெரியாது. சரி, அந்த இடத்தில் வாபஸ். மகீயின் ஆட்களைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

ஹூஸ்டன்வாசி:

தாமதமாக வந்துவிட்டேன். வேலை நிமித்தம் பதினோரு வருஷமாக இந்தப் பக்கம் இருக்கிறேன். மெதீனா போர்க்களம் சரியாக எது என்பதில் இன்னும் இங்கே பஞ்சாயத்துதான். சான் அந்தோனியோவுக்குத் தெற்கே ஒரு மணல் காட்டுப்பக்கம். நாங்கள் குடும்பத்தோடு போனபோது நினைவுக்கல்லைத் தேடி மூன்று தடவை சுற்றினோம். என் பையன், "அப்பா, நம்மளும் தோத்துட்டோம்" என்றான்.

நடுநிசி கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஜெயிலிலிருந்து தப்பி நேராகப் போரில் சேர்ந்த ஆள் 1835-இலேயே ஒருவர் இருக்கிறார். பென் மைலம். கென்டக்கிக்காரர். 1835-இல் மெக்சிகோவின் மொன்குளோவாவில் மாட்டிக் கைதாகி மான்டெரே சிறைக்குப் போனார். காவலாளிக்கு அவர்மேல் இரக்கம். ஒரு குதிரையும் சாப்பாடும் கொடுத்து வழி விட்டான். இரவும் பகலுமாக வடக்கே சவாரி. அக்டோபரில் கோலியாட் அருகே புதருக்குள் பதுங்கியிருந்தபோது ஒரு கூட்டம் வரும் சத்தம். மெக்சிகோ வீரர்கள் என்று நினைத்தார். பார்த்தால் கோலியாட் கோட்டையைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த டெக்சாஸ் ஆட்கள். எழுந்து வந்து அவர்களோடே நடந்தார். அன்று ராத்திரியே கோட்டை கையில்.

(அந்தக் கோட்டைதான் வரைபடம் அக்கா சொன்ன லா பாயியா.)

இரண்டு மாதம் கழித்து, டிசம்பரில், சான் அந்தோனியோவைப் பிடிக்காமலேயே திரும்பிவிடலாம் என்று தலைமை யோசித்தது. கிழவன் பென் மைலத்தோடு ஊருக்குள் வருவது யார் என்று கேட்டு ஆள் சேர்த்தார் இவர். முந்நூறு பேர் வந்தார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி ஒளிந்திருந்து சுட்டவனின் குண்டு தலையில் பட்டுச் செத்தார். ஊர் விழுந்தது. இப்போது அங்கே ஒரு பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது.

நடுநிசிக்காட்சி:

அட, இது என் படத்தைவிட நன்றாக இருக்கிறதே. சங்கிலிதான் இல்லை.

சலூன்கதவு:

ஆனால் இவர் குற்றவாளி இல்லையே, ஹூஸ்டன் சார். அரசியல் கைதி. படத்தில் வருவது கொள்ளைக்காரன். இரண்டும் வேறு.

ஹூஸ்டன்வாசி:

வேறுதானா என்று எனக்குச் சந்தேகம். மைலத்தின் பழைய கூட்டாளியைப் பாருங்கள். ஹோசே பெலிக்ஸ் த்ரெஸ்பலாசியோஸ், சிவாவாக்காரர். ஸ்பெயினுக்கு எதிராகச் சதி செய்ததற்குத் தண்டிக்கப்பட்டவர், அதாவது சட்டப்படி முறையான குற்றவாளி. சிறையிலிருந்து தப்பி நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே மைலத்தோடு சேர்ந்து, டெக்சாஸ் மீது படையெடுத்த ஜேம்ஸ் லாங்கின் கூட்டத்தில் இணைந்தார். 1821-இல் மெக்சிகோ விடுதலை அடைந்தது. 1822-இல் இதே தப்பியோடிய கைதி டெக்சாஸ் மாகாண ஆளுநர்!

ஆனால் அதே 1822-இல் லாங் மெக்சிகோ சிட்டியில் ஒரு சிப்பாயின் குண்டுக்குச் செத்தார். அதன் பின்னால் த்ரெஸ்பலாசியோஸ் இருந்ததாக மைலம் முதலானோர் நம்பினார்கள். அவரைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போட்டு மாட்டிக்கொண்டு சிறைக்குப் போனார்கள். அமெரிக்கத் தூதராக வந்த பாயின்செட் தலையிட்டு வெளியே எடுத்தார். முதல் தடவை சிறை பழைய நண்பனால், இரண்டாம் தடவை மான்டெரே.

வாசகி:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கைதிகளைப் பற்றிப் பேசும்போது மெக்சிகோ விடுதலைப் போரின் முதல் நாளை யாருமே சொல்லவில்லையே. 1810 செப்டம்பர் 16 விடிகாலை, தொலோரெஸ் ஊரில் பாதிரியார் இதால்கோ கோயில் மணி அடிப்பதற்கு முன்னால் செய்த வேலை, ஊர்ச் சிறையைத் திறந்து கைதிகளை வெளியே விட்டது. அவர்கள்தான் அவருடைய முதல் படை. காலியான சிறையில் ஊரிலிருந்த ஸ்பானியர்களைப் பிடித்து அடைத்தார்.

பழையவரைபடம்:

வாசகி, அருமை. மறந்தே போனேன்.

மெக்சிகோ தன் கைதிகளை டெக்சாஸுக்கு அனுப்பியதும் உண்டு. 1830 ஏப்ரல் 6 சட்டம் என்று ஒன்று. அமெரிக்கக் குடியேற்றத்தைத் தடுத்த சட்டம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அதிலேயே, தண்டனை பெற்ற கைதிகளை டெக்சாஸில் கோட்டை கட்டவும் சாலை போடவும் பயன்படுத்தலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அனாவாக் கோட்டையில் இருந்த வீரர்களில் பலர் கைதிகள். அமெரிக்கக் குடியேறிகளின் பெரிய புகாரே, திருடனையும் கொலைகாரனையும் சிப்பாய் உடுப்பு மாட்டி எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்பதுதான். 1832-இல் அங்கே டிராவிஸைப் பிடித்துச் செங்கல் சூளையில் அடைத்து வைத்தபோது வெளியே காவல் நின்ற சிப்பாய்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

ஆக, 1836 போருக்குப் படம் எடுக்கிறவர்கள் கைதியை டெக்சாஸ் பக்கம் நிறுத்துகிறார்கள். ஆவணத்தில் கைதி நிற்பது எதிர்ப்பக்கம்.

கணக்குப்பிள்ளை:

இது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஹூஸ்டன்வாசி:

தப்பி ஓடியவர்கள் என்ற பட்டியலில் இன்னொருவரையும் சேர்க்க வேண்டும். ஜோ. டிராவிஸின் அடிமை, இருபதுகளில் இருந்த இளைஞன். அலமோவுக்குள் துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டான், டிராவிஸ் சாவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தான். சாந்தா அன்னாவின் ஆட்கள் அவனைக் கொல்லாமல் விட்டார்கள். டெக்சாஸ் அமைச்சரவை முன் போய் நடந்ததை விவரித்ததும் அவனே. அலமோவுக்குள் என்ன ஆனது என்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவன் சொன்னது.

சொல்லி முடித்ததும் அவனை டிராவிஸின் சொத்துக் கணக்கில் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதுக் குடியரசின் 1836 அரசியல் சட்டம் அடிமைமுறையைக் காப்பாற்றியது. மெக்சிகோ 1829-இலேயே அதை ஒழிப்பதாக ஆணை போட்டது, டெக்சாஸுக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டார்கள். 1837 ஏப்ரல் 21, சாந்தா அன்னாவைத் தோற்கடித்து டெக்சாஸ் விடுதலை பெற்ற சான் ஹசிண்டோ வெற்றியின் முதலாம் ஆண்டு நிறைவு நாள். அன்று ஜோ ஒரு மெக்சிகோக்காரரோடு, இரண்டு குதிரைகளோடு ஓடிப்போனான். பிடித்துத் தருபவருக்கு 50 டாலர் என்று செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது.

விடுதலைப் போரில் இருந்து, விடுதலை நாளன்று தப்பி ஓடியவன்.

சலூன்கதவு:

இதற்கு என்ன கமென்ட் போடுவது. துப்பாக்கி வருஷம் பேசிக்கொண்டிருந்தேன்.

சிவகாசிப்பிரியன்:

என் ஓட்டு ஜோவுக்கு. படம் எடுத்தால் இரண்டு குதிரையில் ஆரம்பிக்க வேண்டும்.

நடுநிசிக்காட்சி:

எனக்கு மகீதான். தான் சவுக்கால் அடித்தவனிடமே போய் "வருகிறாயா?" என்று கேட்கும் காட்சி. அடிபட்டவன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

"முன்பணம் எவ்வளவு?" என்று கேட்டிருப்பான்.

பழையவரைபடம்:

கேட்டிருப்பான், மறுக்கமாட்டேன்.

நான் எடுத்தால் த்ரெஸ்பலாசியோஸ். மெதீனாவில் செத்தவர்களை அரெதொந்தோ புதைக்கவிடவில்லை. ஒன்பது வருஷம் எலும்புகள் அந்த மணலிலேயே வெயிலில் கிடந்தன. 1822-இல் இவர் ஆளுநராக வந்ததும் சிப்பாய்களை அனுப்பி, எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு ஓக் மரத்தடியில் புதைக்க வைத்தார். எது மகீ சேர்த்த கொள்ளைக்காரனின் எலும்பு, எது ஊர்க்காரனின் எலும்பு என்று பிரிக்க முடிந்திருக்காது. ஒரே குழிதான்.

நடுநிசிக்காட்சி:

அக்கா, அப்படியென்றால் படத்தில் துப்பாக்கிச் சண்டை?

பழையவரைபடம்:

இடைவேளைக்கு முன்னாடி வைத்துக்கொள். ரிவால்வர் மட்டும் வேண்டாம், சலூன்கதவு திட்டுவார்.